கை நனைக்காத வாரம்

ஜனவரி 18, சனி. கொழும்பு

மதுரையில் விமானம் ஏறி, கொடுத்த சாண்ட்விச்சின் காகிதத்தைப் பிரிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள், இறங்கப் போகிறதாம். சிவகாசியிலிருந்து மதுரைக்குக் காரில் வந்த நேரம் இதைவிட அதிகம். இலங்கை இவ்வளவு பக்கத்தில் இருப்பது எனக்கு வசதியாக இல்லை. கனடா, ஆஸ்திரேலியா என்றால் 'அம்மாடி, அவ்வளவு தூரமா' என்று ஒரே பேச்சில் முடித்திருப்பேன்.

எனக்கும் சிந்துஜாவுக்கும் ஒப்பந்தம் இதுதான். ஒரு வாரம் இந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனோடும் அவன் அம்மாவோடும். வாரம் முடியும்வரை நான் வேண்டாம் என்று வாயைத் திறக்கக் கூடாது. முடிந்த பிறகும் வேண்டாம் என்றால் அவள் அந்தப் பேச்சையே விட்டுவிடுவாள். சொன்னால் செய்வாள், அவள் அப்பா புத்தி. நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்கு வீட்டிலேயே தெரியும். ஊர் உலகத்துக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் அச்சகம் நடத்துகிறேன், சொந்த மகளுக்கு முப்பத்திரண்டு வயதாகியும் ஒன்று அடிக்க முடியவில்லை என்று ஊரே பேசுகிறது. பேசட்டும். அதற்காகக் கடல் தாண்டியா கொடுப்பார்கள்?

ஆகவே ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன். அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன். பேச்சு முடிவாகாமல் பையன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் என்று ஆகிவிடும். சோறு மட்டுமில்லை, டீயும்தான். சிந்துவிடம் சொன்னதற்கு, "சரியான பத்தாம்பசலிம்மா நீ" என்றாள். இருந்துவிட்டுப் போகிறேன்.

பையன் பெயர் நிரோஷன். கோயம்புத்தூரில் இவளோடு படித்தவன். பண்டாரவளை என்கிற மலை ஊரில் தேயிலை ஆலைகளின் மெஷின்களைப் பழுதுபார்க்கும் தொழில். ஆள் ஒல்லி. அம்மா சிவபாக்கியம், அதே ஊரில் துணிக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கலாம். புருஷன் போய்ப் பல வருடம் ஆகிறதாம். விமான நிலையத்துக்கு இருவரும் வேனோடு வந்திருந்தார்கள்.

மரியாதைக்கு நான் கொண்டு போன முறுக்கை நீட்டினேன். "பல்லு வலிங்க" என்றார் அந்த அம்மா. சாயங்காலம் காலிமுகத் திடலில் வண்டிக்காரனிடம் வறுத்த கடலை வாங்கி நொறுக்கு நொறுக்கென்று தின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவகாசி முறுக்கு அவ்வளவு கேவலமா? தின்றதுதான் தின்றார், எங்களுக்கு ஒரு கை நீட்டவும் இல்லை.

ஹோட்டலில் சிந்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு அறை போட்டிருந்தாள். எதற்குத் தண்டச் செலவு, ஒன்று போதும் என்று மாற்றச் சொன்னேன்.

ஜனவரி 19, ஞாயிறு. காலி

கடலை ஒட்டியே ரோடு. காலி ஊரில் பழைய கோட்டை மதில் மேல் நடந்தோம். நல்ல வெயில்.

வழியில் ஒரு பெரிய உடும்பு ரோட்டைக் கடந்தது. நம் ஊர் உடும்பு மாதிரி இரண்டு பங்கு. பையன் வேனை நிறுத்திவிட்டான். அது பாட்டுக்கு மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி ஆடி அசைந்து போகிறது, பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்தித் தள்ளுகிறான். இவன் அசையவில்லை. "அதுக்கு ரோட்டுச் சட்டம் தெரியாதும்மா, எங்களுக்குத் தெரியும்தானே" என்றான். ஓட்டத் தெரியாதவன் என்று குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை.

மத்தியானச் சாப்பாடு ஹோட்டலில். எங்களுக்கு நான் கொடுத்தேன், அவர்களுக்கு அந்த அம்மா கொடுத்தார். நான்தான் பிடிவாதம் பிடிப்பேன் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்கு முன்னாலேயே பர்ஸைத் திறந்துவிட்டார்.

கதவைத் தாழ் போட்டாயா என்று சிந்துவிடம் மூன்று தடவை கேட்டேனாம். புது ஊர், கேட்க வேண்டாமா?

ஜனவரி 20, திங்கள். கதிர்காமம்

காலையில் தெற்குக் கடற்கரை முழுக்க வேனில். மீன் நாற்றம், தென்னை, திரும்ப மீன் நாற்றம். மத்தியானம் கதிர்காமம் வந்து, ஆற்றில் காலை நனைத்துவிட்டுச் சாமி கும்பிட்டோம்.

தெய்வானை அம்மன் கோயிலில் அர்ச்சனை. சிவபாக்கியம் தன் மகன் பெயரை மட்டும் சொன்னார். பக்கத்தில் நிற்கும் என் மகள் பெயரையும் சேர்த்துச் சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? சுருக்கென்றது. பிறகுதான் நானும் சிந்து பெயரை மட்டும் சொன்னது ஞாபகம் வந்தது. சரி, நான் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு என்ன?

அன்னதான மடத்தில் வரிசையில் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் அவர். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. முருகன் போடும் சோற்றில் யார் வீட்டுச் சம்மதமும் இல்லை, அதனால் நான் நன்றாகவே சாப்பிட்டேன். அவரும் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். மூன்று நாளாக அவர் நிம்மதியாகச் சாப்பிட்டு இன்றுதான் பார்க்கிறேன். பல்வலி போய்விட்டதோ என்னவோ.

"உங்களுக்கு சிந்து ஒண்ணே ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணுதான்" என்றார். மோர் வந்தது, குடித்தோம்.

பையனிடம் இன்னும் பெரிதாக ஒரு குறையும் சிக்கவில்லை. 'பேசலாம்' என்பதற்கு 'கதைப்போம்' என்கிறான். அதை வைத்து ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியாது.

ஜனவரி 21, செவ்வாய். பண்டாரவளை

பேனா தாளைக் கிழிக்கிறது, அவ்வளவு கோபம்.

காலையில் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு நீர்வீழ்ச்சி, இரண்டு பக்கமும் தேயிலை. இன்று அவர்கள் வீட்டுக்குப் போகும் நாள். நான் வேனிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சாப்பிடச் சொன்னால் செவ்வாய் விரதம். பழமாவது என்றால் வயிறு சரியில்லை. டீயாவது என்றால் மாத்திரை போட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் வந்தாலும் தடுக்க ஆயத்தமாகப் போனேன்.

சரிவில் சின்ன வீடு. வாசலில் ரோஜாத் தொட்டிகள். சோபாவில் உட்கார்ந்தோம். நிரோஷனின் பள்ளிக்கூடப் படங்களைக் காட்டினார். கடையைப் பற்றிச் சொன்னார். நான் அச்சகத்தைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் தாளிக்கும் வாசனை வந்தது. இந்த வீட்டுச் சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. நிரோஷன் இரண்டு தடவை எழுந்து உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

பிறகு அந்த அம்மா, "அப்போ ஹோட்டலுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க. களைச்சுப் போயிருப்பீங்க" என்று எழுந்தார்.

அவ்வளவுதான். சாப்பாடு இல்லை, பழம் இல்லை, டீ இல்லை. சுற்றிச் சுற்றித் தேயிலை விளைகிற ஊரில், தேடி வந்த மனுஷிக்கு ஒரு வாய் டீ இல்லை! என் வீட்டுக்குக் கரண்ட் பில் எடுக்க வருகிறவருக்கே மோர் கொடுப்பேன்.

ஹோட்டலுக்கு வந்ததும் கத்தித் தீர்த்தேன். சிந்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள்:

"குடுத்திருந்தா நீ குடிச்சிருப்பியாம்மா?"

"அது வேற."

"வேற இல்ல. முதல் நாள்லேர்ந்து பாக்குறேன். நம்ம முறுக்கத் தொடல. நம்ம காசுல ஒரு சோடா குடிக்கல. இன்னைக்கு நமக்கும் ஒண்ணும் குடுக்கல. உனக்குப் புரியலையா? நீ செய்யறததாம்மா அவங்களும் செய்யறாங்க."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள். அவள் அப்பா இறந்தபோது அழுத மாதிரி.

நான் மறுப்பதற்காக வந்தவள். என்னையும் ஒருத்தி மறுக்க முடியும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. என் மகளுக்கு என்ன குறை? படிப்பு இல்லையா, வேலை இல்லையா, குணம் இல்லையா? இந்த மலையில் இவளைப் போல ஒருத்தியைக் காட்டட்டும் பார்ப்போம். நாளைக்கு நேராகவே கேட்கிறேன்.

ஜனவரி 22, புதன், காலை

மழை. சிந்து போர்வைக்குள்ளேயே இருக்கிறாள். நானும்.

அதே நாள், சாயங்காலம்

ஸ்வெட்டர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் துணிக்கடைக்குப் போனேன். கடைவீதியில் சின்னக் கடைதான், ஆனால் சுத்தம். கல்லாவில் அவர் மட்டும் இருந்தார். ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டேன். விலையைக் குறைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவரும் குறைக்கவில்லை.

"என் மககிட்ட என்னக்கா குறை கண்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு குறையும் இல்ல. தங்கமான புள்ள."

"அப்புறம் ஏன் நேத்து ஒரு வாய் டீ குடுக்கல?"

"மங்களம்மா, குடுத்திருந்தா நீங்க வேணாம்னு சொல்லிருப்பீங்க. எம் புள்ள முன்னாடி அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். "நாங்களும் தாத்தா காலத்துல தேயிலத் தோட்டத்துக்கு ஒங்க பக்கத்துலேர்ந்து வந்த ஆளுங்கதான். பேச்சு முடியாம கை நனைக்கக் கூடாதுனு எங்களுக்கும் தெரியுமுங்க."

"அப்போ என் முடிவுக்காகக் காத்திருந்தீங்களாக்கும்."

"இல்லைங்க. நா எம் முடிவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு இன்னும் மனசு வரல."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

"மகன் இந்தியாவுக்கு வந்துர்றேங்கிறான். சிவகாசிக்கே. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சிந்து இங்கே வந்துவிடுவாள் என்றுதான் நான் இத்தனை நாளும் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

"ஒங்க மக சொல்லிருச்சாம். எங்கம்மாவால தனியா இருக்க முடியாது, நா அவங்கள விட்டுட்டு வர மாட்டேன்னு. சரி, அப்போ நா வாறேன்னு இவன் சொல்லிட்டான். ஒரு நிமிஷம் யோசிக்கல. நா மாட்டேன்னு சொன்னா நிப்பான். ஆனா நின்னு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிவான். போன்னு சொன்னா எனக்கு யாரு இருக்கா?"

"நான் தனியா இருக்க மாட்டேனா? யார் சொன்னது? ஆளுகளை வச்சு அச்சகம் நடத்துறவ நானு!"

"நானும் கடை நடத்துறவதாங்க" என்றார் சிவபாக்கியம். "கடைய அடைச்சப்பொறம்?"

ஸ்வெட்டரைப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு இன்னொரு அறை போடச் சொன்னேன். சிந்து ஏன் என்றாள். குறட்டை விடுகிறாய், எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றேன். அவள் குறட்டை விடுவதில்லை.

ஜனவரி 23, வியாழன், காலை

தனியறை. விடிந்துவிட்டது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜனவரி 23, வியாழன். கண்டி

குளித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நிரோஷன் வேனுக்கு டீசல் போடப் போயிருந்தான். சிவபாக்கியம் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை முழுக்க மாவு.

"ரொட்டியா?" என்றேன்.

"ஆமாங்க."

"எனக்கு ரெண்டு போடுங்க."

துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் கேக்குறீங்களா?"

"விடிய விடிய யோசிச்சாச்சு. சிந்து இங்க வரட்டும். அவ வேலை கம்ப்யூட்டர்ல, எங்க உக்காந்தாலும் ஓடும். உங்க மகன் தொழிலை விட்டுட்டு சிவகாசியில வந்து என்ன பண்ணுவான்? எங்க ஊர்ல தேயிலையா விளையுது? உங்க பையன் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"புள்ள சம்மதிக்குமா?"

"அவகிட்ட இன்னும் சொல்லல. சண்டை போடுவா. போடட்டும்."

அவர் மாவை உருட்டித் தட்டினார். அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே, "அப்போ நீங்க?" என்று கேட்டார். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

தட்டில் சூடாக ரொட்டி வந்தது, பக்கத்தில் தேங்காய்ச் சம்பல். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து பிட்டேன். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சாத்தூர் மிளகாய் தின்று வளர்ந்தவள் நான். சம்பல் அவ்வளவு காரம் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த அம்மா பார்த்தார். தண்ணீர் எடுத்து வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை, அதற்கு அவருக்குக் கோடிப் புண்ணியம்.

"நீங்களும் உக்காருங்கக்கா."

"நா இங்க சாப்புட்டா ஆச்சா? ஒங்க வீட்டுக்கு வந்து நா கை நனைக்கணுமில்ல. அதான் மொற."

"பாஸ்போர்ட் இருக்கா?"

"நா எங்கங்க போனேன் பாஸ்போர்ட்டுக்கு? பிளேனக் கிட்டப் பாத்ததே ஒங்களக் கூப்புட வந்தப்பதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து நிரோஷன் உள்ளே வந்தான். என் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். டீசல் ரசீதோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிந்து ஆடித் தீர்த்துவிட்டாள். நுவரெலியா தாண்டிக் கண்டி வரும்வரை வேனில் ஒரே சண்டை. முன் சீட்டில் இரண்டு பேரும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னைக் கேக்காம நீ எப்படிம்மா முடிவு பண்ணலாம்?"

"நீ மட்டும் என்னைக் கேட்டா முடிவு பண்ணின, எனக்குத் தனியா இருக்கத் தெரியாதுன்னு?"

"தெரியுமா உனக்கு? சொல்லு பாப்போம். கதவத் தாழ் போட்டியான்னு யார்கிட்ட கேப்ப?"

"போன்ல உன்கிட்டயே கேப்பேன்."

"இங்க உக்காந்துகிட்டு எனக்கு எப்படித் தெரியும், சிவகாசியில கதவு தாழ் போட்டிருக்கா இல்லையான்னு?"

"போட்டிருக்கும்மான்னு சொல்லு. போதும்."

சிரித்தாள், பிறகு என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். முப்பத்திரண்டு வயதுக் கழுதை. தலையைத் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலை, பள்ளம், மலை, பள்ளம். எல்லாம் பச்சை. நல்ல ஊருக்குத்தான் போகிறாள்.

ஜனவரி 24, வெள்ளி. கட்டுநாயக்க விமான நிலையம்

காலையில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையை வெளியிலிருந்து பார்த்தோம். கூட்டம். ஏரியைச் சுற்றி நடந்தோம். சிந்துவும் பையனும் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால்.

விமான நிலையத்தில் நிரோஷன் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "அம்மா, பத்திரிகையில எங்க பக்கம் ஆக்கள்ட பெயர் எல்லாம் போடலாம்தானே? நிறைய இருக்கு" என்றான். சொந்த அச்சகம், எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றேன். 'ஆட்களுடைய' என்பதை 'ஆக்கள்ட' என்று மட்டும் அடிக்க மாட்டேன்.

சிவபாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு. சிவகாசி

அச்சகம் லீவு. சிந்து ஒரு வேலையாக மதுரைக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. இன்று வீட்டில் நான் மட்டும். இப்படித்தான் இருக்கப் போகிறது என்று தெரிந்துகொள்ள, ரேடியோவையும் போடாமல் உட்கார்ந்து பார்த்தேன். பாதியிலேயே எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் இதை எழுதவே கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன். சிந்து அப்பா போனதிலிருந்தே பயம்தான். செலவு, குறட்டை, புது ஊர் என்று நான் எழுதினதெல்லாம் அதுதான்.

மத்தியானம் போன் அடித்தது. சிவபாக்கியம்.

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிச்சேன். மூஞ்சி நல்லாவே இல்ல" என்றார்.

"யாருக்குத்தான் அதுல நல்லா இருந்திருக்கு? நீங்க வந்து எங்க வீட்டுல கை நனைச்சாத்தான் பத்திரிகையை மெஷின்ல ஏத்துவேன். என்ன வேணும், சொல்லுங்க. ஆட்டுக்கறியா, கோழியா?"

"எதுன்னாலும் சரிங்க. அது வந்து..." என்று இழுத்தார். "தனியா வரணும். மகன் வேலைய விட்டுட்டு அத்தன நாளு நிக்க முடியாதாம். நா தனியா எங்கயும் போனதில்ல. பயமா இருக்கு சம்பந்தி."

சம்பந்தி என்று அவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான் சம்பந்தி" என்றேன். "வந்தா ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க."